சாட்சி சொன்ன முள்

தாத்தா சாவதற்கு முந்தைய வருஷம்வரை ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை. "ஆரம்பிச்சுட்டாரு" என்று பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். எனக்கும் அப்போது அது வெறும் புலம்பலாகத்தான் கேட்டது. பின்னால்தான் தெரிந்தது, அந்தப் புலம்பலுக்குள் ஒரு பழுதின் அத்தனை அடையாளங்களும் வரிசையாக இருந்தன என்று. கேட்டுக்கொண்டிருந்த எவருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கதை இது. 1979 ஐப்பசி. தாத்தா தஞ்சாவூரில் ஒரு ரைஸ் மில் முதலாளியிடம் டிரைவர். பதினோரு வருஷ வேலை. ஒரு மத்தியானம் முதலாளி காசு கொடுத்து பெட்ரோல் போட்டுவரச் சொன்னார். தாத்தா 20 லிட்டர் போட்டார். முள் முக்காலுக்கு மேலே ஏறியது. சாயங்காலம் கும்பகோணத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். வீட்டுப் பெண்கள் பின்சீட்டில் உட்கார்ந்ததால் முதலாளி முன்னால் உட்கார்ந்தார். வழக்கமாகப் பின்னால் உட்காருகிற மனிதருக்கு டேஷ்போர்டு கண்ணில் பட்டது அன்றைக்குத்தான். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. அய்யம்பேட்டை தாண்டியதும் கேட்டார்.

"ஏம்ப்பா, முள்ளு கால்லதானே நிக்குது? மத்தியானம் எவ்வளவு போட்டே?"

"இருபது லிட்டருங்கய்யா. முள்ளு சரியில்லீங்க. ராத்திரியானா இப்பிடித்தான் எறங்குது."

"முள்ளு எறங்குதா, பெட்ரோல் எறங்குதா?"

வீட்டுக்கு வந்ததும் தாத்தா சொல்லியிருக்கிறார்: "டேங்க்குக்கு அடியில டிரெய்ன் நட்டு இருக்குங்கய்யா. இப்பவே கழட்டி வாளியில புடிச்சு அளந்து காட்டிடறேன்." ராத்திரி நேரத்தில் பெட்ரோலை வெளியில் எடுத்து வைத்துக்கொண்டு என்ன விளையாட்டு, காலையில் பார்த்துக்கலாம் என்று முதலாளி உள்ளே போய்விட்டார். காலையில் வந்து சாவியைப் போட்டார். முள் மறுபடியும் முக்காலில் போய் நின்றது.

தாத்தா படுத்திருந்தது கார் ஷெட் திண்ணையில். அப்புறம் என்ன? "பயந்துபோய் ராத்திரியோட ராத்திரியா ஊத்திட்டான்" என்று முடிவாகிவிட்டது. இரவில் இறங்கிய முள் திருட்டுக்குச் சாட்சி. காலையில் ஏறிய முள் அந்தத் திருட்டை மறைத்ததற்குச் சாட்சி. முள் எப்படி நின்றிருந்தாலும் அவர் தப்பியிருக்க முடியாது. சம்பளப் பாக்கியைக்கூட வாங்காமல் கிளம்பி வந்துவிட்டார்.

"முள்ளு பொய் சொல்லாதுய்யா, மனுஷன்தான் சொல்லுவான்னு சொல்லிட்டாரு தம்பி." ஒவ்வொரு முறையும் தாத்தா இந்த இடத்தில்தான் நிறுத்துவார்.

அந்த முள் உண்மையில் எதைச் சொல்கிறது? இதைத் தேடிப்போனபோதுதான் நான் கார்களின் வரலாற்றுக்குள் விழுந்தேன். மெக்கானிக் வேலை எனக்குத் தெரியாது. எழுதுகிறவனுக்கு இருக்கிற வேண்டாத குடைச்சல்தான் காரணம்.

முதலில் முள்ளே கிடையாது. 1908இல் வந்து 1927வரை ஓடிய ஃபோர்டு மாடல் டி, ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்றது. அதில் பெட்ரோல் மீட்டர் என்று ஒன்று இல்லை. டேங்க் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, ஒரு மரக்குச்சியை நேராக உள்ளே விட்டு எடுத்து, ஈரம் எதுவரை இருக்கிறதென்று பார்க்க வேண்டும். கேலன் கோடு போட்ட குச்சிகளை விளம்பரத்துக்காக இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள். அந்த வண்டியில் பெட்ரோல் பம்பும் இல்லை. டேங்கிலிருந்து என்ஜினுக்குத் தானாக வழிந்து போகும். பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் முன்பக்கமாக ஏறினால் என்ஜினுக்கு வந்து சேராது. அதனால் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸிலேயே மேடேறுவார்கள். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறதென்பது அந்தக் காலத்தில் கையும் காலும் சேர்ந்து தெரிந்துகொள்கிற விஷயம்.

அடுத்து வந்த மாடல் ஏ-யில் டேங்க் டேஷ்போர்டுக்குப் பின்னாலேயே வந்துவிட்டது. உள்ளே ஒரு கார்க் மிதவை, அதோடு சேர்ந்த எண் வட்டு, அதைப் பார்க்க ஒரு கண்ணாடித் துவாரம். வயர் கிடையாது, கரண்ட் கிடையாது. டிரைவர் பார்த்தது ஏறக்குறைய பெட்ரோலையேதான். ஆனால் முழங்காலுக்கு முன்னால் பெட்ரோலை வைத்துக்கொண்டு ஓட்டுவது எத்தனை காலத்துக்கு நடக்கும்? 1930களின் தொடக்கத்தில் டேங்க் வண்டியின் பின்பக்கம் போனது. சிக்கல் பிறந்தது இந்த இடத்தில்தான். டேங்க் பின்னால், டிரைவர் முன்னால். நடுவில் யாராவது சேதி சொல்லியாக வேண்டும்.

முதலில் அந்த வேலையைச் செய்தது காற்று. மிச்சிகன் மாகாணத்து ஆன் ஆர்பரில் கிங்-சீலி என்றொரு கம்பெனி. அவர்கள் செய்த மீட்டரில் டேங்கின் அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் காற்றோடு டேஷ்போர்டுக்கு வரும். பெட்ரோலின் கனம் அந்தக் காற்றை அழுத்த, காற்று முன்னாலிருக்கும் கண்ணாடிக் குழலில் சிவப்புத் திரவத்தை மேலே தள்ளும். 1932 ஃபோர்டில் இது இருந்தது. பார்க்க அழகான சாமான். குழாயில் எங்கேயாவது காற்று கசிந்தால் போதும், கதை முடிந்தது.

அப்புறம் கரண்ட் வந்தது. நம் ஊர் மெக்கானிக்குகள் 'டேங்க் ஃப்ளோட்' என்று சொல்லும் சாமான் இந்த வகையைச் சேர்ந்தது. ஒரு மிதவை, அதைப் பிடித்திருக்கும் கம்பி. அந்தக் கம்பி ஒரு மின்தடைச் சுருளின் மேல் உரசியபடி ஏறி இறங்கும். பெட்ரோல் மட்டம் மாறினால் மின்தடை மாறும், வயரில் ஓடும் கரண்ட் மாறும், முன்னாலிருக்கும் முள் நகரும். ஆக, முள்ளுக்குப் பெட்ரோலைத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வயர் வழியாக எவ்வளவு கரண்ட் போகிறது என்பது மட்டும். அந்தக் கரண்ட் திரும்பி வரும் வழி காரின் இரும்பு உடம்பு. அதைத்தான் எர்த் என்கிறோம். வயர், மிதவை, சுருள், எர்த், இதில் எது கெட்டாலும் முள்ளின் பாஷையில் அது 'பெட்ரோல் குறைந்தது' அல்லது 'பெட்ரோல் கூடியது' என்றுதான் வரும். 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று சொல்ல அதற்கு வார்த்தையே கிடையாது.

இந்த மாதிரி ஏற்பாட்டை எல்லோரும் உடனே நம்பிவிடவில்லை. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் 1961வரை பெட்ரோல் மீட்டரே இல்லை. வண்டி திக்கித் திணறினால் டிரைவர் கால்பக்கம் இருக்கும் ஒரு லீவரைத் திருப்ப வேண்டும். கடைசியாக மிச்சமிருக்கும் 5 லிட்டர் சொச்சம் திறந்துகொள்ளும். '62 மாடலில் மீட்டர் வைத்தபோதும் கரண்டை நம்பாமல் டேங்கிலிருந்து ஒரு கேபிள் இழுத்து முள்ளை ஆட்டினார்கள். இங்கே மதராஸில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு மூலமான இங்கிலாந்து டிரையம்ப் ஹெரால்டின் முதல் மாடல்களிலும், டிக்கிக்குள் இருந்த டேங்கில் ஒரு ரிசர்வ் திருகு உண்டு. நமக்கு இதெல்லாம் புதுசில்லை. 'ரிசர்வ்ல விழுந்துருச்சு மச்சி' என்று சொல்லாத பைக்காரர் தமிழ்நாட்டில் உண்டா? ரிசர்வும் தீர்ந்தபிறகு வண்டியை ஒருக்களித்துச் சாய்த்து, நிமிர்த்தி, பங்க்வரை ஓட்டிப்போன தலைமுறை நாம். டேங்க்கை ஆட்டிக் காதை வைத்துக் கேட்பதும் ஒரு மீட்டர்தான்.

குச்சிதான் உத்தமம் என்று சொல்ல வருவதாக நினைத்துவிட வேண்டாம். 1983 ஜூலை 23, ஏர் கனடாவின் 143ஆம் விமானம். புத்தம்புது போயிங் 767. பெட்ரோல் மீட்டர் வேலை செய்யவில்லை. தரையில் நிற்கும்போது டேங்க் மட்டத்தை அளவுகோல் கொண்டு பார்த்தார்கள். 7,682 லிட்டர் என்று சரியாகவே கணக்கு வந்தது. லிட்டரைக் கிலோவாக்க 0.8 சொச்சத்தால் பெருக்கவேண்டிய இடத்தில், பவுண்டுக்கான 1.77ஆல் பெருக்கிவிட்டார்கள். தேவையானதில் பாதியைவிடக் குறைவான எரிபொருளோடு விமானம் கிளம்பி, 41,000 அடி உயரத்தில் வறண்டுபோனது. கேப்டன் பாப் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற இடத்தில், கார் பந்தயத்துக்கு விட்டிருந்த பழைய விமானப்படை ஓடுபாதையில் கொண்டுவந்து இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். அங்கே முள் செத்துப்போயிருந்தது, அளவுகோல் உண்மையைத்தான் சொன்னது, தப்பு செய்தது பெருக்கல்.

தாத்தாவின் வழக்குக்குத் திரும்புகிறேன். அவரிடம் கடைசியாக உட்கார்ந்து பேசிய நாட்களில் வாய்மொழி வரலாறு எடுப்பவன் மாதிரி சின்னச்சின்னக் கேள்விகளாகக் கேட்டு எழுதி வைத்திருந்தேன்.

"சாவி போட்டதும் முள்ளு டக்குனு எழும்புமா தாத்தா?"

"இல்ல தம்பி. சோம்பேறி கணக்கா மெதுவ்வா எந்திரிக்கும்."

இந்த ஒரு பதிலில் பாதி வழக்கு முடிந்துவிடுகிறது. மின்சார மீட்டர்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, காந்தச் சுருள் வைத்தது. சாவி போட்ட நொடியில் முள் துள்ளி நிற்கும். இன்னொன்று, சூட்டில் வேலை செய்வது. வேறுவேறு அளவில் விரிகிற இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டி, மேலே மெல்லிய கம்பியைச் சுற்றியிருப்பார்கள். கரண்ட் ஓடினால் கம்பி சூடாகும், தகடு வளையும், முள் நகரும். சூடேற நேரம் பிடிக்கும். பெட்ரோல் குலுங்கும்போதெல்லாம் முள் ஆடாமல் இருக்க இந்தச் சோம்பேறித்தனம் ஒரு வசதியும்கூட. 1950களில் அமெரிக்காவிலும், 1960களின் நடுவில் பிரிட்டிஷ் கார்களிலும் இந்த வகை பரவியது. பிரிட்டிஷ் கார்களின் வார்ப்பில் இந்தியாவில் செய்த வண்டிகளுக்கும் அந்தச் சாமான் வந்து சேர்ந்தது. முதலாளியின் கார் அப்படி ஒன்று.

"டெம்பரேச்சர் முள்ளு எப்பிடி இருந்துச்சு?"

"அது ஒழுங்காத்தான் இருந்துச்சு. அதுக்கென்ன?"

அதுக்கு நிறைய இருக்கிறது. சூட்டு மீட்டருக்கு ஒரே சீரான வோல்டேஜ் வேண்டும். பேட்டரியோ 12லிருந்து 14க்கு மேல் வரை ஏறி இறங்கும். அதனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன டப்பி வைத்து பிரிட்டிஷ் கார்களில் 10 வோல்ட்டாகவும், அமெரிக்க ஃபோர்டில் சராசரி 5 வோல்ட்டாகவும் ஆக்கிக் கொடுப்பார்கள். டெம்பரேச்சர் முள்ளும் பெட்ரோல் முள்ளும் அந்த ஒரே டப்பியிடம்தான் சாப்பிடுகின்றன. டப்பி கெட்டால் இரண்டும் சேர்ந்தே உளறும். ஒன்று மட்டும் உளறியதென்றால் டப்பி நிரபராதி.

அடுத்தது மிதவை. பித்தளை மிதவையில் ஊசி ஓட்டை விழுந்தால் பெட்ரோல் உள்ளே போய் அது மூழ்கும். முள் கீழேயே கிடக்கும். மிதவையைக் கழற்றிக் காதோரம் ஆட்டினால் களகளவென்று கேட்கும். வெந்நீரில் முக்கினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். ஆனால் மூழ்கிய மிதவை காலையில் தானாக மேலே வராது. முதலாளியின் முள் காலையில் ஏறியது. ஆகவே மிதவையும் இல்லை.

அப்புறம் தாத்தா நான் கேட்காமலேயே ஒன்று சொன்னார். "அந்த வண்டியில பின்னாடி லைட்டு ரெண்டும் மங்கலாத்தான் எரியும். பல்பு மாத்திப் பாத்தேன். அப்பவும் அப்பிடித்தான்."

குறிப்பேட்டில் அந்த வரிக்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன். எதற்கென்று தெரிந்து போட்ட கோடு இல்லை. அவர் போய் ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். அவர் முழுசாகக் கேட்கவே இல்லை. "டிக்கில எர்த் போயிருக்கும்ங்க. டேங்க் ஃப்ளோட்டுக்கும் டெயில் லைட்டுக்கும் ஒரே ஸ்க்ரூதான். துரு புடிச்சிருக்கும்" என்றார். முழுதாக ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

விஷயம் இதுதான். பகலில் அந்த ஸ்க்ரூ வழியே திரும்புவது மிதவையின் சின்னக் கரண்ட் மட்டும். துரு கொஞ்சம் தடுத்தாலும் முள்ளில் பெரிதாகத் தெரியாது. ராத்திரி லைட்டைப் போட்டால் பின்விளக்குகளின் கரண்ட் பத்து மடங்குக்கு மேல் பெரியது. அதுவும் அதே துருப்பிடித்த வாசல் வழியாகத்தான் திரும்ப வேண்டும். வாசலில் நெரிசல். மிதவையின் கரண்ட் குறைகிறது, தகடு ஆறுகிறது, முள் மெதுவாக, யாரோ உறிஞ்சுவதைப் போலவே இறங்குகிறது. அதே நெரிசலில்தான் விளக்கும் மங்குகிறது. காலையில் லைட் இல்லை, நெரிசல் இல்லை, முள் தன் இடத்துக்குப் போய்விடுகிறது.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒன்று உண்டு. இந்த வகை மீட்டரில் தடை கூடினால் 'காலி' என்று அர்த்தம். ஃபோர்டில் காலி டேங்க்குக்கு 73 ஓம், நிறைந்த டேங்க்குக்கு 10 ஓம். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் அப்படியே தலைகீழ்: காலிக்கு 0, நிறைவுக்கு 90. இதற்கு ஆழமான காரணமெல்லாம் கிடையாது, அவரவர் கம்பெனி வழக்கம். ஆக, அதே துரு, அதே ஸ்க்ரூ, அதே அய்யம்பேட்டை ரோடு, வண்டி மட்டும் ஒரு பழைய செவர்லேயாக இருந்திருந்தால் லைட் போட்டதும் முள் மேலே ஏறியிருக்கும். முதலாளி பார்த்துவிட்டு, "பரவால்லியே, வண்டி நல்லா மைலேஜ் குடுக்குதே" என்று சொல்லியிருப்பார். டிரைவர் தன் கைக்காசைப் போட்டு பெட்ரோல் ஊற்றிவிட்டான் என்று எந்த முதலாளியும் சந்தேகப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

துரு முள்ளை இறக்கியது, சரி. ஆனால் இறங்கிய முள்ளைத் திருட்டு என்று படித்தது துரு இல்லை. 'டிரைவர்னா பெட்ரோல் அடிப்பான்' என்கிற வாசகம் வண்டி வாங்கும்போதே முதலாளிகளின் மனசில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. முள் அதற்கு ஒரு அசைவைக் கொடுத்தது, அவ்வளவே. மீட்டர் சரியாக இருந்திருந்தால் வேறு ஏதாவது கிடைத்திருக்கலாம். இப்படிச் சொல்வதால் பதினோரு வருஷம் சோறு போட்ட மனிதரை நான் வில்லனாக்குகிறேன் என்று அம்மா கோபித்துக்கொண்டாள். இருக்கலாம். அவர் ராத்திரியிலேயே டிரெய்ன் நட்டைக் கழற்ற விட்டிருந்தால் பத்து நிமிஷ வேலை.

போன தை மாதம், நண்பனின் மாமனார் வைத்திருக்கும் அதே காலத்துக் காரில் இதைச் செய்து பார்த்தேன். எலக்ட்ரீஷியன் கூட இருந்தார். டிக்கிக்குள் அந்த எர்த் ஸ்க்ரூவைக் கழற்றி, வயர்களுக்கும் பாடிக்கும் நடுவே 3 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கோத்தோம். (பெட்ரோல் டேங்க் பக்கத்தில் செய்கிற வேலை. பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் வயரில் கை வைத்தோம். ஒரு சின்னப் பொறி போதும், அப்புறம் கட்டுரை எழுத ஆள் இருக்காது.) பேட்டரியைத் திரும்ப மாட்டிச் சாவியைப் போட்டோம். முள் முக்காலுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. லைட்டைப் போட்டேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நண்பன் சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டான். பிறகு நகர்ந்தது. ஒரு நிமிஷத்துக்குப் பக்கமாக இறங்கி இறங்கிப் பாதிக்குக் கீழே போய் நின்றது. தாத்தா சொன்ன கால்வரை போகவில்லை. அவர் வண்டியில் துரு இன்னும் அதிகமாக இருந்திருக்க வேண்டும். லைட்டை அணைத்தோம். ஏறியது. மூன்று தடவை செய்தோம். வீடியோவும் எடுத்து வைத்திருக்கிறேன். யாருக்குக் காட்டுவது என்று தெரியவில்லை. முதலாளி 1990களிலேயே இறந்துவிட்டார். அந்த வண்டி காயலான் கடைக்கு எடைக்குப் போனதாகச் சொல்கிறார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு மிச்சமிருந்தது. ஏன் தாத்தா டிரெய்ன் நட்டுவரை போனார்? ஒரு குச்சியை விட்டுக் காட்டியிருக்கலாமே? அதே காரின் மூடியைத் திறந்து பார்த்தபோது அதற்கும் பதில் கிடைத்தது. டேங்க்குக்குப் போகும் குழாய் வளைந்து வளைந்து இறங்குகிறது. குச்சி ஒரு முழத்துக்குமேல் போகாது.

வேலையை விட்டபின் தாத்தா மறுபடி யாருடைய காரும் ஓட்டவில்லை. லாரிக்குப் போய்விட்டார். லாரியின் டீசல் டேங்க் பக்கவாட்டில், கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். மூடியைத் திறந்தால் நேரே அடிவரை தெரியும். அவருடைய மூங்கில் குச்சி இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. பிளேடால் கீறிய கோடுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காப்பியிங் பென்சிலில் எழுதிய எண்கள். கிளீனரை அனுப்பி ஓனரைக் கூப்பிட்டுவந்து, அவர் கண்ணெதிரே குச்சியை விட்டு எடுத்து, ஈரம் காய்வதற்குள் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் செல்ஃப் அடிப்பாராம்.